பெட்டியின் முதுகைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர். அவருடைய கடைசி மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். கையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தார்.

“டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்.”

பட்டணத்து மின்பொருள் கடை ஒன்றின் தவணைத் தாள் அது. ‘ஹோம் தியேட்டர்’ செட்; அதாவது ஒரு ப்ளூ-ரே பிளேயரும் ஆறு ஸ்பீக்கர்களும். ரொக்கத்துக்கு 1,899 வெள்ளி. தவணை என்றால் மாதம் 99 வெள்ளி வீதம் 24 மாதம். பெருக்கினால் 2,376 வெள்ளி. 477 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இந்தப் பெட்டியின் ரொக்க விலையே அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி நிற்கிறது.

“இவ்வளவு பெரிய செட் எதுக்கண்ணே?” என்று கேட்டேன்.

“எங்கம்மாவுக்குத்தான் டீச்சர். காது கொஞ்சம் மந்தம். டிவியில பாட்டெல்லாம் கேக்குது, பேச்சுதான் வெளங்கலேங்கிறாங்க. சத்தத்தைக் கூட்டினா பக்கத்து வீட்டுல செவுத்தைத் தட்டுறாங்க. அவங்களும் விடிகாலை பெரட்டுக்குப் போறவங்கதானே. கடைக்காரப் பையன், இதை வாங்குங்க, தியேட்டர் மாதிரியே இருக்கும்னு சொன்னான்.”

பொருள் வாங்குவதைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம், இந்தச் சுற்றொலி பிளேயரைப் பற்றியும் எழுதுங்கள் என்று யாராவது கேட்பதுண்டு. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் வெட்கம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2011 ஆண்டிறுதியில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. நானும் என் கணவரும் பட்டணத்துக்குப் போய் ஒரு ப்ளூ-ரே பிளேயரும் ஆறு ஸ்பீக்கர் கொண்ட ரிசீவரும் வாங்கி வந்தோம். கேள்வி கேட்டதெல்லாம் நான், கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் என் கணவருக்கு. அது வேறு கதை. அட்டைப் பெட்டிக்குள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை உள்ள வயர் ஒன்று இருந்தது. நிறத்துக்கு நிறம் பார்த்துச் செருகினோம். படம் வந்தது, பாட்டு வந்தது. பதினான்கு மாதம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘ப்ளூ-ரே என்றால் பிரமாதமாக இருக்கும் என்றார்களே, பழைய தட்டு மாதிரிதானே இருக்கிறது’ என்று உள்ளுக்குள் ஒரு குறை. அடுத்தடுத்த பொங்கலுக்குப் பினாங்கு மின்னியல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தான். சிரித்தான். “டீச்சர், லாரியை வாங்கிட்டு ஒத்தையடிப் பாதையில ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.”

அந்த மஞ்சள் வயர் உயர்தரப் படத்தைச் சுமக்காது. சிவப்பும் வெள்ளையும் இரண்டே வழி ஒலியைத்தான் கொண்டு போகும். எங்கள் வீட்டில் ஆறு ஸ்பீக்கர்களும் பேசிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இரண்டு பேர் பேசியதை ஆறு பேர் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் 25 வெள்ளிக்கு ஓர் எச்.டி.எம்.ஐ. வயர் வாங்கி மாட்டினான். அன்றைக்குத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளை முதன்முதலாகப் பார்த்தோம், கேட்டோம்.

ஆகவே கடையில் பிளேயரின் பளபளக்கும் முகத்தை விட்டுவிட்டு, அதைத் திருப்பி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். என்னென்ன துளைகள் இருக்கின்றன, அவை உங்கள் வீட்டுப் பெட்டிகளின் முதுகில் உள்ள துளைகளோடு சேருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போகும் முன்பு வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம். வி.சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே மூன்றுக்கும் அளவு ஒன்றே, 12 சென்டிமீட்டர் வட்டம். வேறுபாடு அதைப் படிக்கும் ஒளியில் இருக்கிறது. மொத்தப் பேனாவால் எழுதினால் ஒரு பக்கத்தில் பத்து வரி. கூரான பேனா என்றால் அதே பக்கத்தில் ஐம்பது வரி. 1990களில் வந்த டி.வி.டி.யைச் சிவப்பு லேசர் படிக்கிறது. ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட். 2006இல் வந்த ப்ளூ-ரேயைப் படிப்பது நீலமும் ஊதாவும் கலந்த நுண்ணிய லேசர். ஓர் அடுக்கில் 25, இரண்டு அடுக்கில் 50 ஜிகாபைட். படத்தைப் புள்ளிகளாக எண்ணினால் நம் நாட்டு முறை டி.வி.டி.யில் 720க்கு 576. ப்ளூ-ரேயில் 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. எச்.டி. டி.வி.டி. என்று இன்னொரு தட்டும் அப்போது போட்டிக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அதைக் கைவிட்டது. பழைய சாமான் கடையில் யாராவது அந்தப் பிளேயரை மலிவாக நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். ப்ளூ-ரே தட்டை அது படிக்காது.

ஒலிக்கு வருவோம். சுற்றொலியில் ‘5.1’ என்று எழுதியிருப்பார்கள். முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று. பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி இரண்டு. அதிர்வுக்கென்று ஒரு பெரிய பெட்டி, அதுதான் அந்தப் புள்ளி ஒன்று. டி.வி.டி.யில் இந்த ஆறு வழி ஒலியையும் பிழிந்து சுருக்கி அடைத்திருக்கிறார்கள். தேங்காயைப் பிழிந்து பால் எடுத்த மாதிரி. குழம்புக்கு அது போதும், ஆனால் பாலிலிருந்து மறுபடி தேங்காய் செய்ய முடியாது. ப்ளூ-ரேயில் டால்பி ட்ரூ-எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்ற இரண்டு முறைகள் உண்டு. இவை சேலையை மடித்து வைப்பது போல. பிரித்தால் ஒரு நூல் குறையாமல் முழுச் சேலையும் வரும்.

அந்தச் சேலையைப் பிரிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை உள்ள ரிசீவர் உங்களிடம் இருந்து, அதில் இந்த இரண்டு பெயர்களும் எழுதியிருந்தால், ரிசீவரே பிரித்துக்கொள்ளும். அதிக விலைப் பிளேயர் தேவையில்லை. தட்டைப் படித்து அப்படியே அனுப்பினால் போதும். பிளேயரின் ஒலி அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘ஆடியோ மிக்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பல பிளேயர்களில் அது திறந்திருந்தால் முழுச் சேலைக்குப் பதில் பிழிந்த பால்தான் வெளியே வரும்.

ரிசீவர் பழையது, எச்.டி.எம்.ஐ. துளையே இல்லை, ஆனால் ஆறு வட்டத் துளைகள் வரிசையாக உள்ளன என்றால், அதே மாதிரி ஆறு துளைகளைப் பின்னால் கொண்ட பிளேயரைத் தேட வேண்டும். சேலையைப் பிளேயரே பிரித்து ஆறு வயரில் அனுப்பும். ப்ளூ-ரே வந்த தொடக்க ஆண்டுகளில் அப்படிப்பட்டவை கிடைத்தன. இன்றைக்கு அரிதாகத்தான் அகப்படும். ஆப்டிகல் என்ற வயரை நம்பி முழு ஒலியை எதிர்பார்க்காதீர்கள். பிழிந்த 5.1ஐ அது கொண்டு வரும். பிரித்த ஆறு வழி அதில் போகாது.

வயரை மாட்டும் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்கு, தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் வயரில் ஒலிப்பெட்டிக்கு என்றுதான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். பல தொலைக்காட்சிகள் வெளியிலிருந்து வந்த ஆறு வழியை இரண்டாக்கித்தான் வெளியே விடும். பிளேயரிலிருந்து நேரே ரிசீவருக்கு, அங்கிருந்து தொலைக்காட்சிக்கு என்று மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தொலைக்காட்சியிலும் ஒலிப்பெட்டியிலும் ‘இ.ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய துளை இருந்தால் அந்த வழியிலும் முழு ஒலி போகும். முன்னால் ‘இ’ இல்லாத வெறும் ‘ஏ.ஆர்.சி.’ என்றால் பிழிந்த பாலோடு சரி.

பழைய தடித்த தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2014 முதல் தயாரிக்கப்பட்ட ப்ளூ-ரே பிளேயர்கள் மஞ்சள் துளை வழியாக ப்ளூ-ரே படத்தை விடுவதில்லை. வாங்கி வந்து மாட்ட இடமில்லாமல் நிற்பீர்கள்.

2016இல் அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே என்று இன்னும் கூரான தட்டும் வந்தது. படம் 3840க்கு 2160 புள்ளி. டால்பி அட்மாஸ் என்று கூரையிலிருந்து ஒலி வருகிற ஏற்பாடும் அதில் உண்டு. தகரக் கூரையில் மழை பெய்தால் நம் வீடுகள் எல்லாவற்றிலும் அட்மாஸ்தான். அதற்குத் தனியாகக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மகன் விளையாட பிளேஸ்டேஷன் வாங்கியிருந்தால், தட்டுப் போடும் வாய் உள்ள பி.எஸ்.4 ப்ளூ-ரேயைப் படிக்கும், பி.எஸ்.5 அல்ட்ரா எச்.டி.யையும் படிக்கும். இன்னொரு பிளேயர் வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டிலும் பாட்டு சி.டி. ஓடாது.

இவ்வளவும் ப்ளூ-ரே தட்டு வைத்திருப்பவர்களுக்கு. அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, “வீட்டுல என்னென்ன தட்டு இருக்கு?” என்பதுதான். மறுநாள் காலையில் மகள் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். மொத்தம் 61 தட்டுகள். வி.சி.டி. 38, டி.வி.டி. 23. ப்ளூ-ரே ஒன்றுகூட இல்லை. டின்னின் அடியில் அண்ணனின் கல்யாண வி.சி.டி., அப்பா காலமாவதற்கு முன் கோயில் திருவிழாவில் எடுத்த வீடியோ.

வி.சி.டி.யில் இருப்பது இரண்டு வழி ஒலி. எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்தாலும் எந்தப் பிளேயரும் அதிலிருந்து உண்மையான ஆறு வழியை உண்டாக்காது. டி.வி.டி.யில் இருக்கும் பிழிந்த 5.1ஐச் சாதாரண டி.வி.டி. பிளேயரே ஆப்டிகல் அல்லது கோ-ஆக்சியல் துளை வழியாக அனுப்பிவிடும். அதற்கு ப்ளூ-ரே எதற்கு? போதாக்குறைக்குச் சில ப்ளூ-ரே பிளேயர்கள் வி.சி.டி.யைப் படிப்பதே இல்லை. கடைக்குப் போகும்போது வீட்டுத் தட்டுகளில் நாலைந்தை, முக்கியமாகக் கல்யாண வீடியோவை, கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் தட்டு எப்போதும் ஓடும். உங்கள் தட்டு ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும் தட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ப்ளூ-ரே தட்டுகளுக்கு உலகத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் ‘ஏ’, இந்தியா ‘சி’. ‘சி’ என்று மட்டும் குறித்த தட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. டி.வி.டி.யில் நாம் 3, இந்தியா 5. ஆனாலும் தமிழ் டி.வி.டி.கள் பல எல்லா வட்டாரத்துக்கும் பொதுவாக வந்தவை. அல்ட்ரா எச்.டி. தட்டுக்கு இந்தப் பிரிவினையே கிடையாது.

பழைய படம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 1961இல் வந்த ‘பாசமலர்’ போன்ற படங்கள் ஒரே வழி ஒலியில் பதிவானவை. அப்படிப்பட்ட படத்தின் உறையில் ‘5.1’ என்று அச்சடித்திருந்தால் பிற்பாடு யாரோ பிரித்துச் சேர்த்தது என்று பொருள். ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்து 2012இல் மறுபடி திரையிட்டபோது ஒலியையும் அப்படிச் சீர்படுத்தினார்கள். அது முறையாகச் செய்த வேலை. எல்லாமே அப்படி இல்லை. ரிசீவரில் ‘புரோ லாஜிக்’ என்ற அமைப்பு இருந்தால் பழைய படத்துக்கு அதைப் போடுங்கள். இடத்திலும் வலத்திலும் ஒன்றாக வரும் ஒலியை அது நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அப்போது மற்ற ஸ்பீக்கர்கள் வாயை மூடிக்கொள்ளும். பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

அந்த நடு ஸ்பீக்கர்தான் அண்ணனின் தாயாருக்கு வேண்டியது. 5.1 படத்தில் நடிகர்களின் பேச்சில் பெரும்பகுதி நடுவில்தான் வருகிறது. பாட்டும் சண்டையும் மற்றவற்றில். நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று படி ஏற்றினால் வீடு அதிராமல் பேச்சு தெளியும். அதோடு ‘நைட் மோட்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். மெல்லிய பேச்சைத் தூக்கி, வெடிச்சத்தத்தை அமுக்கிவிடும். அடுத்தடுத்து வீடுகள் ஒட்டியிருக்கும் லயத்தில் இதைப் போன்ற நல்ல ஏற்பாடு வேறு இல்லை. அதிர்வுப் பெட்டியைப் பொதுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்றைப் போடுங்கள். கித்தா மரத்தை நம்பி வளர்ந்த நமக்கு ரப்பரின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு மதியம் அண்ணன், அண்ணி, நான், என் கணவர் நால்வரும் பட்டணம் போனோம். அந்தச் செட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கடைப் பையன் இம்முறையும் என் கணவரைத்தான் பார்த்தான். எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே போவதற்கு. ஸ்பீக்கர் வயர்களின் முனையில் அந்தக் கம்பெனிக்கே உரிய தனிச் செருகி; ஒன்று கெட்டால் வேறு வாங்கி மாட்ட முடியாது. பிளேயரும் ஆம்ப்ளிபையரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் தட்டு வாய் பழுதானால் மொத்தமும் பழுதுபார்க்கப் போக வேண்டும். முன்பக்கத்தில் ஆயிரம் வாட் என்று ஒட்டியிருந்தார்கள், கூடவே ‘பி.எம்.பி.ஓ.’ என்று சிறிய எழுத்தில். அது கணத்தில் தோன்றி மறைகிற கணக்கு, ‘ஆர்.எம்.எஸ்.’ எவ்வளவு என்று கேட்டோம், அட்டையில் தேடினான், கிடைக்கவில்லை. கல்யாண வி.சி.டி.யைப் போட்டோம். வாய் திறந்து மூடித் திறந்து, படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. அண்ணி எதுவும் பேசவில்லை. தட்டை வாங்கி முந்தானையில் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டார்.

பழைய பிளேயர் தேடுகிறவர்களுக்கும் இதே சோதனைதான். இரண்டு அடுக்குத் தட்டு ஒன்றைப் போட்டுப் பாதிப் படத்துக்கு மேல் ஓட்டிப் பாருங்கள். லென்ஸ் தளர்ந்திருந்தால் அடுக்கு மாறும் இடத்தில் தடுமாறும். தயாரிப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒப்போ 2018இல் நிறுத்தியது, எல்.ஜி. 2024இல் விலகியது. ஆகவே உத்தரவாதத் தாளும், பழுதுபார்க்க எங்கே கொண்டு போவது என்ற பதிலும் இல்லாமல் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் சுவர்ச் செருகியையும் ஆண்டெனா வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. துளைதான் மின்னலுக்கு முதல் பலி.

அண்ணன் தவணைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சீனத் தவுக்கே கடையில் நீளவாக்கில் ஓர் ஒலிப்பெட்டி பார்த்தோம். நடு ஸ்பீக்கர் தனியாக உண்டு, நைட் மோட் உண்டு, ஆப்டிகலும் ஏ.ஆர்.சி.யும் உண்டு, தனி அதிர்வுப் பெட்டியும் சேர்த்து 520 வெள்ளி. ரொக்கமாகக் கொடுத்தார். வீட்டிலிருக்கும் பழைய டி.வி.டி. பிளேயரே அதோடு சேர்ந்தது. 61 தட்டுகளையும் படிக்கிறது. ப்ளூ-ரே தட்டு எப்போதாவது வாங்கினால் அப்போது பிளேயர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. கல்யாண வீடியோவையும் அப்பாவின் வீடியோவையும் கணினியில் ஏற்றி இரண்டு பிரதி எடுக்க மகளிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலேயே பதிவு செய்த தட்டுகள் என்றைக்காவது மங்கிவிடும்.

புதன்கிழமை மாலை அந்தப் பக்கம் போனபோது பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் விளக்கு அணைத்தாகிவிட்டது. சுவரை யாரும் தட்டவில்லை. என்னைக் கண்டதும் பாட்டி திரையைக் கையால் காட்டினார்.

“வா டீச்சர். ரெண்டு வருசமா இந்த மாமியாக்காரிய நல்லவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்னா பேச்சுப் பேசுறா பாரு!”